பதினேழாம் அடிக்குறிப்பு

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே, தட்டச்சுக் கடை மேசையில் பகல் வெயில் விழுந்து கிடக்கிறது. கல்லூரி ஆசிரியை தனபாக்கியத்தின் ஆய்வேடு இன்று மாலைக்குள் மதுரைக்குப் போய்ச் சேர வேண்டும். பதினேழாம் அடிக்குறிப்பில் சின்னாளபட்டி நெசவாளி அய்யம்மாளின் பெயர் இருக்கிறது. நெசவாளி சொன்னது சான்றாகாது, எடுத்துவிடு என்று வழிகாட்டிப் பேராசிரியர் நகலின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார். "அத எடுத்தா பின்னால அறுபது நம்பரும் மாறும் டீச்சர். 'குறிப்பு பதினேழு காண்க'ன்னு வேற ஒம்போது எடத்துல வருது. ரெண்டு நாளாகும்," என்கிறார் தட்டச்சர் ஒச்சப்பன். மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடக்கின்றன. தனபாக்கியம் அவற்றை உள்ளங்கையால் அழுத்திக்கொள்கிறாள். "ஏதாச்சும் ஒரு புத்தகத்துப் பேரச் சொல்லுங்க. அந்த எடத்துல அடிச்சுட்டா நம்பர் அப்படியே நிக்கும்," என்கிறார் ஒச்சப்பன். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே மூன்று நாள் பேசியவள் அய்யம்மாள், எம் பேரு புத்தகத்துல வருமா என்று கேட்டு வாயைப் பொத்திச் சிரித்தவள். ஒச்சப்பன் அந்தப் பெயரின்மேல் வெள்ளை மையைப் பூசி, வாயால் ஊதிக் காயவைக்கிறார். வெளியே மதுரை வண்டி ஹாரன் அடிக்கிறது. தனபாக்கியம் தான் திறந்துகூடப் பார்த்திராத ஒரு நூலின் பெயரைச் சொல்கிறாள். அவர் விரல்கள் விசைகளின்மேல் நிற்கின்றன. "காதுல விழல டீச்சர். செத்த சத்தமாச் சொல்லுங்க."