செடிக்கு ஒரு பிரஷ்

காலை ஆறு மணிக்கு எழுந்தான். கோப்பையில் நின்ற இரண்டு பிரஷ்களையும் எடுத்தான். நீலம் பல்லுக்கு. மஞ்சள் செடிக்கு.

பால்கனியில் ஐந்து தொட்டி. ஐந்திலும் வானத்தைப் பார்த்து நிற்கும் ஊசி மிளகாய். கொசுவலை அடித்த பால்கனிக்குள் தேனீ வராது. அதனால் பூக்களை ஒவ்வொன்றாகப் பிரஷ்ஷால் வருடிவிட வேண்டும். அவன் மனைவி சொல்லிக்கொடுத்தது. மஞ்சள் பிரஷ்ஷும் அவளுடையதுதான்.

அவள் இறந்து பதினோரு மாதம். காய்ப்பு நிற்கவில்லை.

பனியும் வெயிலும் கலந்து பால்கனி முழுக்கப் பால் நிறம். அதற்குள் நிற்கும்போது தான் நிற்கிறோமா மிதக்கிறோமா என்று அவனுக்குப் பிடிபடுவதில்லை. தெருச் சத்தம்கூட யாரோ காணும் கனவிலிருந்து வருவது போலத்தான் கேட்கும்.

சிவந்ததில் ஒன்றைக் கிள்ளி ரொட்டியோடு மென்றான். உறைக்கவில்லை. பல மாதமாகவே உறைப்பதில்லை. தொட்டி மண்ணில் சத்துப் போய்விட்டது என்று முடிவுகட்டியிருந்தான்.

எட்டு மணிக்கு அத்தை வந்தார். அவளைப் பெற்றவர்.

மாதம் ஒருமுறை வருவார். கேட்பது ஒரே கேள்வி. கடைசியாக என்ன சொன்னாள்?

அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோனபோது பக்கத்தில் இருந்தது அவன் மட்டும்தான். அம்மாவை நல்லா பாத்துக்கோ என்றாள் என்று அன்றைக்கே வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான். அத்தை அந்த ஒரு வாக்கியத்தை மருந்துச் சீட்டு போல மாதாமாதம் வந்து புதுப்பித்துக்கொண்டு போவார்.

தட்டில் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்தான். ஓரத்தில் இரண்டு மிளகாய். அத்தை மிளகாயைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“காரமே இல்ல அத்தை. தைரியமா கடிங்க.”

அவனைப் பொறுத்தவரை அது சத்தியமான உண்மை.

அத்தை பாதியைக் கடித்தார். அடுத்த நிமிடம் ஒரு ஜக் தண்ணீர் காலி. கண்ணும் மூக்கும் ஒழுக, நீட்டிய நாக்கைக் கையால் விசிறிக்கொண்டார். பிறகு, அதே கண்ணீரோடு சிரிக்க ஆரம்பித்தார்.

“அப்படியே அவ வாய், மாப்பிள்ளை. எட்டு வயசுலயே இதைச் சொல்லித்தான் என்னைக் கடிக்க வைப்பா. மூஞ்சில ஒரு ரேகை மாறாது.”

அவனுக்குத் தெரியாதா. ஒவ்வொரு செடியிலும் முதல் பழத்தை அவள்தான் கடிப்பாள். கண் கலங்காமல் மென்று, அதையே சொல்லி, மீதிப் பாதியை அவன் வாயில் வைப்பாள். அவன் குதிப்பதைப் பார்த்த பிறகுதான் தண்ணீருக்கு ஓடுவாள்.

அப்படியானால் மண்ணில் குறை இல்லை. மிளகாயிலும் இல்லை.

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

“அம்மாவைப் பாத்துக்கோன்னு சொல்ற ஆளா அவ? நிஜமா என்னதான் சொன்னா?”

இந்த முறை அவன் பொய்யைத் தேடவில்லை.

சக்கரக் கட்டில் அறுவை சிகிச்சை அறையின் கதவருகே ஒரு நொடி நின்றதைச் சொன்னான். விடிய விடிய அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்ததைச் சொன்னான். குனிந்து, ரொம்ப வலிக்குதா என்று தான் கேட்டதைச் சொன்னான். அவள் ஒரு ரேகை மாறாத முகத்தோடு அவனைப் பார்த்ததைச் சொன்னான்.

பிறகு, அவள் சொன்னதைச் சொன்னான்.

“காரமே இல்ல.”