பேரில்லாத பட்டியல்

"வேரோனிக்கா உம்மட்டப் பதிஞ்சவளோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லும். நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்."

மங்கையற்கரசி அன்ரி மூச்சு விடாமல் இருந்த நாளை அந்தப் பதினெட்டு மாடிக் கட்டடத்தில் யாரும் கண்டதில்லை. ஆறாம் மாடியில் குக்கர் விசில் அடித்தால், உள்ளே வேகுவது பருப்பா ஆட்டிறைச்சியா என்று, எல்லாரும் உடுப்புத் தோய்க்கக் கூடும் லோண்டரி றூமில் நின்றே சொல்லக்கூடியவர்.

"அதைச் சொல்லேலாது அன்ரி," என்ற சாம்பவி, கையிலிருந்த ஐபாட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

கட்டடத்தின் கீழ்த்தளத்து அறையில் மூன்று நாளாக அவள் கடை விரித்திருந்தாள். தமிழ்ப் பெண்கள் மார்புப் புற்றுநோய்ச் சோதனைக்குப் போகிறார்களா, போகாவிட்டால் ஏன் என்று தனித்தனியாகக் கேட்டு, பதில்களை ஐபாட்டில் ஏற்றி, ஆய்வாளர்களுக்கு ஒழுங்குபடுத்திக் கொடுப்பது அவள் வேலை. இருபது பேர் வேண்டும். சேர்ந்தது பதினாலு. அதிலும் ஒருவருக்குக் கணவர் சண்முகநாதன்தான் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னார். அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தவே அரை மணி நேரம் பிடித்தது.

இன்று வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்குள் இருபது பேர் சேராவிட்டால் ஆய்வின் தமிழ்ப் பகுதியையே நிறுத்திவிடுவதாக மேலிடத்திலிருந்து ஈமெயில் வந்திருந்தது. அதோடு சாம்பவியின் வேலையும் போய்விடும்.

"இன்னும் ஆறு பேர் காணாது, என்ன?" என்றார் அன்ரி.

சாம்பவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. காலமை லிஃப்ற்றுக்குள்ள நீர் போனில அழாக்குறையாக் கதைச்சீர். நானும் அங்கதான் நிண்டனான்."

"அன்ரி!"

"காதைப் பொத்திக்கொண்டோ நிக்கிறது? கேளும். நான் ஒரு போன் அடிச்சன் எண்டா அஞ்சு மணிக்கு முன்னம் ஆறு பேரும் வந்து வரிசையில நிப்பினம். ஆனா வேரோனிக்கா நேற்று உதுக்குள்ள வந்தவள். நாப்பது நிமிஷம் இருந்தவள். ஏன் வந்தவள்?"

"சும்மா தேத்தண்ணி குடிக்கவும் ஆக்கள் வாறவை."

"நாப்பது நிமிஷமோ தேத்தண்ணி குடிக்கிறது? ஐபாட்டைத் திறந்து பேரைப் பாருமன்."

"உதில ஒருத்தற்ற பேரும் இல்லை அன்ரி, இலக்கம் மட்டும்தான். பேர் வேற இடத்தில பூட்டிக் கிடக்கு. பதிலை வாசிக்கிற ஆய்வாளருக்கே அது ஆரெண்டு தெரியாது."

"அவைக்குத் தெரியாது. உமக்குத் தெரியும்தானே?"

தெரியும்தான்.

"சரி, வாயால சொல்லவேண்டாம். ஓமெண்டாக் கண்ணை மூடும். இல்லையெண்டாச் சும்மா இரும்."

சாம்பவி கண்ணை மூடவில்லை. கொஞ்ச நேரத்தில் கண் எரியத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

அன்ரி விடுகிற ஆளா? கையோடு கொண்டுவந்த பெட்டியைத் திறந்தார். மட்டன் றோல்ஸ் வாசம் அறையை நிறைத்தது. மத்தியானம் சாப்பிடாத சாம்பவி ஒன்றை எடுத்தாள். வாயைத் திறந்தது கடிப்பதற்கு மட்டும்தான்.

அப்படி என்னதான் இருக்கிறது இந்த வேரோனிக்காவிடம்? இப்போது சாம்பவிக்கே அதை அறிய ஆவல் கிளம்பிவிட்டது.

"உம்மட அம்மா யூனியன்வில்லில இருக்கிறா. உமக்குக் கலியாணமும் பேசுகினம், என்ன?" அன்ரியின் குரலில் இப்போது இனிப்புக் குறைந்திருந்தது. "பெட்டை எப்பிடி எண்டு நாலு பேர் என்னட்டைத்தான் விசாரிப்பினம்."

சாம்பவி றோல்ஸைக் கீழே வைத்தாள்.

"விசாரிக்கட்டும் அன்ரி. விருப்பமானதைச் சொல்லுங்கோ. அந்த ஆறு பேரும் வராட்டித் திங்கக்கிழமை எனக்கு வேலையும் இல்லை. பரவாயில்லை. இங்க வந்த ஒருத்தரைப் பற்றியும் நான் சொல்லமாட்டன். நாளைக்கு ஆரும் வந்து உங்களைப் பற்றிக் கேட்டாலும் இதுதான் மறுமொழி."

அன்ரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து கதவை நோக்கி நடந்தார்.

மணி நாலு பத்து. இனி லோண்டரி றூமுக்குத் தன் பெயர்தான் பலகாரம் என்று சாம்பவிக்கு விளங்கிவிட்டது. சார்ஜரைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். கதிரைகளை மடிக்கத் தொடங்கினாள்.

பூட்டு விழும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அன்ரி வெளியே போகவில்லை. கதவை உள்ளே பூட்டிவிட்டுத் திரும்பி வந்து, பதில் சொல்ல வருகிறவர்கள் இருக்கும் கதிரையில் அமர்ந்தார்.

"வேரோனிக்கா என்ர தம்பியின்ர பெண்சாதி. இங்க பதிஞ்சதை நேற்றே வந்து சொன்னவள்," என்றார். "போன மாதம் ஒரு கிளினிக்கில இருந்த பெட்டையிட்டையும் இப்பிடித்தான் ஒருத்தியைப் பற்றிக் கேட்டுப் பாத்தனான். ரெண்டே நிமிஷத்தில அந்தப் பெட்டை எல்லாத்தையும் கொட்டினாள். நான் வந்த அலுவலைச் சொல்லாமலே எழும்பி வந்திட்டன்."

சாம்பவி மடித்த கதிரையை மறுபடி விரித்து, அன்ரிக்கு எதிரே போட்டு அமர்ந்தாள்.

"மற்ற அஞ்சு பேரையும் பிறகு கூப்பிடுறன். முதல்ல என்னை எழுதும் பிள்ளை," என்று அன்ரி குரலைத் தாழ்த்தினார். "இடப்பக்க மார்பில கட்டி வந்து எட்டு மாதம், இந்தக் கட்டடத்தில ஒருத்தருக்கும் தெரியாது."