அற்புதராணியின் புறங்கை

"இஞ்சரப்பா, ஓடி வா! பிள்ளைக்கு மேல் நெருப்பாச் சுடுது!"

கடலால் வந்த கனிசியஸ், ஈரம் சொட்டச் சொட்ட நின்றபடியே மூன்று வயது மகள் மெற்றில்டாவின் நெற்றியில் கை வைத்திருந்தான். அடுப்படியில் குந்தியிருந்த மனைவி அற்புதராணி அசையவில்லை.

"தொடங்கிட்டார்," என்றாள்.

அவள் சொன்னதில் பிழையில்லை. விடியும்வரை தண்ணீருக்குள் வலை இழுத்த கை ஐஸ்கட்டி போலத்தான் இருக்கும். அந்தக் கையால் தொட்டால் யாருக்குத்தான் சுடாது? குருநகரில் கடல்தொழிலுக்குப் போகிற தகப்பன்மார் காய்ச்சல் என்று சொன்னால் எந்தத் தாயும் நம்புவதில்லை.

போன கிழமையும் இந்த மனுஷன் இப்படித்தான் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கன்னியர்மடத்து மருந்துச்சாலைக்குப் பறந்தான். வழியில் ஆமியின் ஹெலிகொப்டர் வந்து சுட, பிள்ளையோடு வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தான். ஒருமாதிரிப் போய்ச் சேர்ந்தால், பிள்ளைக்குக் காய்ச்சலே இல்லை! சிஸ்டர் நல்ல ஏச்சுக் கொடுத்து அனுப்பினார்.

காய்ச்சல் பார்க்க வீட்டிலிருந்த தேர்மாமீற்றர், ஷெல்லுக்குப் பயந்து பதுங்குகுழிப் பங்கருக்குள் ஓடிய ஓட்டத்தில் உடைந்துபோயிற்று. பனடோல் மாத்திரைக்கே வழியில்லாத காலத்தில் புதுத் தேர்மாமீற்றருக்கு எங்கே போவது? அற்புதராணியின் புறங்கைதான் அதற்குப் பதில். மூன்று பிள்ளை வளர்த்த கை. இதுவரை ஒருமுறையும் பிழைத்ததில்லை.

"நீயும் ஒருக்காத் தொட்டுப் பாரன்," என்று கெஞ்சினான்.

அற்புதராணி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழும்பி வந்தாள். "முதல்லை அந்தக் கதவைச் சாத்துங்கோ. காத்துக் குத்துது." நனைந்துபோய் நின்றவனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. சாத்தினான்.

அவள் புறங்கையைப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். கழுத்தில் வைத்தாள். சட்டையை உயர்த்தி வயிற்றிலும் வைத்துப் பார்த்தாள்.

"ஒரு சூடும் இல்லை. குளிர்ந்துபோய்க் கிடக்கிறாள் பிள்ளை."

"அப்ப ஏன் இப்பிடிச் சோர்ந்து கிடக்கிறாள்?"

"இரவு முழுக்கச் செல்லடி. நித்திரை இல்லாட்டி நீங்களும் சோர்ந்துதான் கிடப்பியள். உந்த ஹெலிக்குக் கீழை என்ரை பிள்ளையை இன்னொருக்காக் கொண்டுபோக விடமாட்டன். சொல்லிப்போட்டன்!"

தாயறியாத சூலுண்டோ என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, கனிசியஸ் கிழிந்த வலையைப் பொத்த உட்கார்ந்தான். ஆனாலும் கண் பிள்ளையிலேயே நின்றது.

பத்து மணி போல மெற்றில்டாவின் கண் மேலே சொருகியது. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

"ஐயோ, மாதாவே!" அற்புதராணியின் அலறலில் அயல் திரண்டது. பிள்ளையை மடியில் வாரிக்கொண்டு அவள் சைக்கிள் கரியரில் ஏற, கனிசியஸ் உழக்கினான். வானத்தை அண்ணாந்து பார்க்க இருவருக்கும் நேரமில்லை.

சிஸ்டர் பிள்ளையின் சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் மேலெல்லாம் துடைத்து, கமக்கட்டில் தேர்மாமீற்றரை வைத்தார். "நூற்றி மூண்டு!" என்றவர் ஊசி போட்டார். இழுப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீரிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது.

சிஸ்டர் தாய் பக்கம் திரும்பினார். "இவ்வளவு காய்ச்சலோடை வீட்டிலை வைச்சிருந்தனீரோ? தொட்டுப் பாக்கேல்லையோ?"

"பாத்தனான் சிஸ்டர். மாதாவாணைச் சுடேல்லை."

"நான் சொன்னனான் சிஸ்டர்!" கனிசியஸ் வெடித்தான். "இவள்தான் மறிச்சவள்! தன்ரை கை பிழைக்காதாம். பெரிய கை! பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால்..."

"இந்தக் கையை வெட்டி எறியவேணும்!" அற்புதராணி புறங்கையைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தாள். சிஸ்டர் பாய்ந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. அவளையே ஒருகணம் உற்றுப் பார்த்தார்.

பிறகு தேர்மாமீற்றரைக் கழுவி உதறினார். "வாயைத் திறவும்," என்று அவளுடைய நாக்குக்குக் கீழே வைத்தார்.

"நல்லாக் கேளுங்கோ சிஸ்டர்," கனிசியஸுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஒரு தாய்க்குத் தெரியாமல் போகுமோ? பெத்த பிள்ளையின்ரை காய்ச்சல் தெரியாதவள் ஒரு தாயோ?"

சிஸ்டர் விரலை உயர்த்தி அவனை அடக்கினார். தேர்மாமீற்றரை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளைக்கு நூற்றி மூண்டு, கனிசியஸ். இவவுக்கு நூற்றி நாலு."