பெயர் மறைத்த ஆய்வு

எங்கள் போர்ட்டோ அலெக்ரே நகரில் நடந்த முதல் விளையாட்டு உளவியல் மாநாட்டில் ஜுசாரா தன் ஆய்வை வாசித்தாள்.

"பெனால்டியை வெளியே அடிச்ச பையனுக்குப் பயிற்சியாளர் பாவாடை கட்டிவிட்டு, மைதானத்தைச் சுத்தி ஓட விட்டார். மொத்த டீமும் சிரிச்சது. அப்புறம் அவன் பந்தையே தொடல."

தலைமை தாங்கிய பிரபல பயிற்சியாளர் வால்டெமிர் மேஜையைத் தட்டினார். "அவனெல்லாம் ஒரு மனுஷனா? பேரைச் சொல்லும்மா!"

"ஆய்வுல பேரை மறைக்கணும் சார். அதுதான் விதி."

அவர் கேமராக்கள் பக்கம் திரும்பி முழங்கினார். "விதியாவது மண்ணாங்கட்டியாவது! நான் சொல்றேன், எல்லார் முன்னாடியும் சொல்லு!" கைதட்டல் வேறு.

ஜுசாரா மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"சம்பந்தப்பட்ட ஆளே சம்மதிச்சா சொல்லலாம்னும் விதி இருக்கு. அந்தப் பையன் என் தம்பி. சம்மதிச்சதுக்கு ரொம்ப நன்றி, வால்டெமிர் சார்."