கூட வந்தவள்

"கையைத் திறங்க," என்றார் டாக்டர்.

நாற்காலி நுனியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த முன்னாள் சிப்பாய் இடது கையை உடனே மேசைமேல் விரித்தார். உள்ளங்கையில் நீல மையில் வரிசையாக எண்கள்.

"பாருங்க, பரீட்சைக்குப் போறவன் மாதிரி பிட்டு எழுதிக்கிட்டு வந்திருக்காரு," என்று பக்கத்து மேசைக் குமாஸ்தாவிடம் சொன்னார் டாக்டர்.

"அது போன் நம்பர் சார்," என்றாள் சிப்பாயோடு வந்திருந்த பெண். "என்னோடதுதான்."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். காயம்பட்டு ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கு ஊனம் எத்தனை சதவீதம் என்று முடிவு செய்கிறவர் அவர்தான். வெள்ளைக் கோட்டுக்குள்ளே சீருடை, தோளில் நட்சத்திரம். இல்லாத வலியைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார் என்பதால், பென்ஷன்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் எக்ஸ்ரே.

போன வாரம்தான், கமிஷனுக்காகப் பென்ஷன்காரர்களைக் கூட்டிக்கொண்டு வரும் ஒரு புரோக்கர் பெண் அவரிடம் சிக்கியிருந்தாள். வாய்க்கு வாய் 'எங்கண்ணன், எங்கண்ணன்' என்றவளுக்கு, அந்த அண்ணனின் அப்பா பேர் தெரியவில்லை.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"சம்சாரம் சார்."

"ம்," என்றார் டாக்டர். அந்த 'ம்'மில் நம்பிக்கை ஒரு பொட்டுகூட இல்லை.

கோப்பைப் புரட்டினார். "குண்டு வெடிச்சு தலையில அடி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடியே நாற்பது சதவீதம் குடுத்தாச்சு. இப்ப என்ன திடீர்னு எழுபது கேக்கறீங்க?"

"மறதி ரொம்பக் கூடிப்போச்சு சார். தனியா விட்டுட்டு வேலைக்குப் போக முடியல. தையல் கம்பெனியில, இன்னும் ஒரு நாள் வரலைன்னாலும் சீட்டைக் கிழிச்சிடுவேன்னு சொல்லிட்டாங்க. எழுபதுன்னு எழுதினா, பகல்ல பாத்துக்க அரசாங்கமே ஒரு ஆள் குடுக்குமாம்."

"எல்லாம் நல்லா விசாரிச்சு வெச்சிருக்கீங்க."

டாக்டர் நாற்காலியைச் சிப்பாய் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"படை எண்?"

எட்டு இலக்கமும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. கோப்பில் இருந்ததும் அதேதான்.

"எந்தப் பட்டாலியன்?"

சொன்னார். தளபதியின் பேரைச் சொன்னார். பயிற்சி முகாமில் எத்தனாவது கொட்டகை, எத்தனாவது கட்டில் என்றும், கேட்காமலே, சொன்னார்.

"முதன்முதல்ல கையில குடுத்த துப்பாக்கியோட நம்பர்?"

அதையும் சொன்னார். குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டார். "எனக்கு என் பைக் நம்பரே நின்னு யோசிச்சாத்தான் வரும் சார்."

"கேட்டுக்கோம்மா," என்றார் டாக்டர். "இதுக்குப் பேருதான் உங்க ஊர்ல மறதியா?"

"அது அப்படியில்ல சார். வீட்ல வந்து பாத்தீங்கன்னா..."

"நான் அவரைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

சிப்பாயின் நெற்றியில் வேர்வை வழிந்தது. அவள் கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போக, "இருக்கட்டுங்க, பரவாயில்லைங்க," என்று அவர் கூச்சத்தோடு தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

எக்ஸ்ரேயின் கண்ணுக்கு அது தப்பவில்லை. கட்டிய பெண்டாட்டியின் கை பட்டால் எந்தப் புருஷன் இப்படி நெளிவான்?

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

"நான் கூட இல்லைன்னா அவரு..."

"வெளியிலன்னு சொன்னேன்."

அவள் எழுந்தாள். "இங்கேயே உக்காந்திருங்க, என்ன? எங்கேயும் எழுந்து போயிடாதீங்க. நான் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கறேன்," என்று அவரிடம் குனிந்து சொல்லிவிட்டுப் போனாள்.

"சொல்லிக்குடுத்தது மறந்துடப் போவுதுன்னு கவலை," என்றார் குமாஸ்தா.

கதவு சாத்திக்கொண்டதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீங்க. உண்மையைச் சொன்னா உங்க மேல ஒரு நடவடிக்கையும் வராது, அதுக்கு நான் பொறுப்பு. அந்தம்மா யாரு?"

சிப்பாய் ஒரு கணம் கதவைப் பார்த்தார்.

"தெரியாது சார்."

குமாஸ்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். டாக்டர் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்புறம் எப்படி அவங்க கூட வந்தீங்க?"

"காலையில அவங்களேதான் சார் வந்து, கிளம்புங்க கிளம்புங்கன்னு கூட்டிக்கிட்டு வந்தாங்க. பாத்தா நல்ல மாதிரியாத்தான் தெரியறாங்க. அவங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க சார்."

"அதை நாங்க பாத்துக்கறோம்." டாக்டர் பேனாவைத் திறந்தார். 'உயர்வு தேவையில்லை. மனைவி என்று பொய் சொல்லி வேறொருத்தி வந்திருக்கிறாள்' என்று எழுதி, அடியில் கோடு இழுத்தார். "கடைசியா ஒண்ணே ஒண்ணு. உங்க நிஜமான சம்சாரம் எங்கே?"

சிப்பாய் சட்டென்று எழுந்து, குதிகால்கள் சேர நிமிர்ந்து நின்றார். முழுக்க நரைத்த தலை. முகத்தில் மட்டும் எங்கிருந்தோ ஒரு வெட்கம்.

"ஒரு பத்து நாள் லீவு குடுத்தீங்கன்னா, ஊருக்குப் போய்ப் பொண்ணு பாத்துட்டு வந்துடுவேன் சார்."