ஆளுக்கொரு ரகசிய அறை

இன்டீரியர் டிசைனரிடம் எதையும் மறைக்கக் கூடாது, டாக்டரிடம் சொல்வதைப் போல எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். அத்திப்பட்டு ஏஞ்சல் வேலைக்கு ஒத்துக்கொள்ளும்போதே இதைச் சொல்லிவிடுவாள். கணவனையும் மனைவியையும் தனித்தனியாகத்தான் கேட்பாள். சேர்த்து உட்காரவைத்துக் கேட்டால் ரெண்டு பேருமே பொய் சொல்வார்கள் என்பது மூன்று சமையலறையும் ஒரு பல் ஆஸ்பத்திரியும் செய்து அவள் கற்றுக்கொண்ட பாடம்.

கவரைப்பேட்டையில் தணிகைவேல் கட்டிக்கொண்டிருந்த வீடுதான் அவளுக்குக் கிடைத்த முதல் முழு வீடு. அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் சூப்பர்வைசர். மனைவி செண்பகம் டீச்சர். கல்யாணமாகிப் பதினோரு வருடம். நெற்றி நிறைய விபூதியோடு, பார்த்தாலே கும்பிடத் தோன்றும் ஜோடி. ரெண்டு குடும்பமும் சுத்த சைவம் என்று தரகர் பொருத்திவைத்த சம்பந்தமாம். பூஜை அறை எத்தனை அடி என்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.

பிறகு தணிகைவேலை மொட்டை மாடிக்குத் தனியாக அழைத்துப் போனாள். மனுஷன் கீழே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். படிக்கட்டுக்குக் கீழே ஆறுக்கு நாலில் ஓர் அறை வேண்டும், வெளியே இருந்து பார்த்தால் வெறும் சுவர் மாதிரி இருக்க வேண்டும், உள்ளே குழாயும் கருங்கல் மேடையும், தண்ணீர் ஓடத் தரை சரிவாகவும் வேண்டும் என்றார்.

"ரத்தம் கித்தம் சிந்துனாலும் ரெண்டு சொம்பு தண்ணி ஊத்துனா போய்டணும். செண்பகத்துக்கு மட்டும் தெரியவே கூடாதும்மா."

ஏஞ்சலின் பென்சில் நின்றுவிட்டது. ஆனாலும் எழுதிக்கொண்டாள்.

அடுத்து செண்பகம். ஸ்டோர் ரூமில் அலமாரியைத் தள்ளினால் பின்னால் ஓர் அறை திறக்க வேண்டுமாம். அதில் நல்ல நீளமான ஃப்ரீசர், பெரிய அரிவாள்மனை வைக்க ஒரு இடம், வாசனையை மேலே இழுத்து விட ஒரு ஃபேன். பாடம் நடத்துகிற மாதிரி வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"உள்ள இன்னா வெட்டுனாலும் சத்தம் வெளிய வரக் கூடாது. பதினோரு வருசமா பொறுத்துக்கினேன் ஏஞ்சல், இனிமே என்னால முடியாது. அவருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

திரும்பும்போது ரயிலில் ஏஞ்சல் எழுதியதை மறுபடி எடுத்துப் படித்தாள். அடப்பாவிகளா, ஒருத்தரை ஒருத்தர் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள், அதற்கு அளவெடுத்துக் கொடுப்பது நானா? யார் முந்திக்கொள்வார்கள் என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் காவல் நிலையத்துக்கே போய்ச் சொன்னாள். ஏட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டு பேரும் உயிரோடதான கீறாங்க?"

"ஆமா சார்."

"அப்ப இன்னான்னு எழுதறது? ஒருத்தர் குறைஞ்சா வாம்மா."

வேலையை விட்டுவிட்டால் வேறு எவனாவது வந்து அதே அறைகளைப் போட்டுக் கொடுப்பான். அவனுக்கு ஈவிரக்கம் இருக்கும் என்று என்ன நிச்சயம்? தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது. ரெண்டு அறையும் முதுகோடு முதுகு ஒட்டித்தான் வந்தன. நடுச்சுவரில் ரெண்டடிக்குச் செங்கல் வைக்காமல் ஒரு பிளைவுட் பலகையைக் கீலில் மாட்டி, மேலே டைல்ஸ் மாதிரித் தாள் ஒட்டிவிட்டாள். கை காலைக் கட்டிப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, முதுகால் சாய்ந்தால் பலகை திறந்துகொள்ளும், மாட்டிக்கொண்ட ஆள் அந்தப் பக்கம் உருண்டு தப்பித்துக்கொள்ளலாம்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கிரகப்பிரவேசத்தன்று ரெண்டு பேரும் தனித்தனியாகக் கண்ணைக் காட்டி நன்றி சொன்னபோது, கையில் எடுத்த கேசரியைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வெளியே வரும்போது செண்பகம் போன் செய்தாள்.

"ஏஞ்சல், ஒடனே ஊட்டுக்கு வா. அவரு வேலைக்குப் போய்ட்டாருன்னு நெனச்சு உள்ள ஒக்காந்துக்கினு இருந்தேன். செவுரு தொறந்துக்கினு என் மடி மேலயே வந்து உழுந்தாரு. ஒரு வார்த்த பேசல. கண்ண தொறந்து அப்படியே பாத்துக்கினு கீறாரு."

போன் கட் ஆகிவிட்டது. ஐயோ, பலகை வைத்தும் பிரயோஜனம் இல்லாமல் போய்விட்டதே என்று ஏஞ்சலுக்கு அழுகையே வந்துவிட்டது. கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோவுக்குக் கூட நிற்காமல் ஓடினாள்.

கதவைத் திறந்த செண்பகத்தின் கை மணிக்கட்டு வரை சிவந்திருந்தது. புடவையிலும் தெறித்திருந்தது. ஸ்டோர் ரூம் பக்கம் கையைக் காட்டினாள்.

கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டே ஏஞ்சல் அலமாரியைத் தள்ளினாள்.

உள்ளே தணிகைவேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் செண்பகம் மிளகாய்த்தூளில் பிசறி வைத்த வஞ்சிரம், இன்னொரு பக்கம் திறந்த பலகை வழியாக அவர் தன் அறையிலிருந்து எடுத்து வைத்த நண்டுக் குழம்பு.

"தரகர் இவகிட்ட என்னைய சைவம்னாரு, என்கிட்ட இவள சைவம்னாரு, பதினோரு வருசம் ரெண்டு பேரும் வெறும் சாம்பாரே துன்னுக்கினு கெடந்துட்டோம்," என்று ஒரு நண்டுக் காலைக் கடித்தபடி சொன்னார் தணிகைவேல், "அந்த நடுச்செவுத்த மொத்தமா எடுத்துடும்மா."