தூங்குபவனின் சாவி

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு மின்சாரம் போனது. ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகள் விற்கிற ரஃபீக்கின் கடையில் கூடியிருந்தவர்களின் பேச்சு ஆசைகளின் பக்கம் திரும்பியது. என்ன பொருள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவீர்கள் என்று ரஃபீக் கேட்டார். இருட்டில் ஒளிரும் வரைபடம் என்றான் ஒருவன். கட்டிலுக்கு அடியில் ஓடாத பகடை என்றாள் இன்னொருத்தி.

“யாரோ பாதியில விட்ட ஆட்டம்,” என்றாள் ஜெமிமா. “மீதிய நான் ஆடணும்.”

“அடுத்தவன் எச்சில் இலையிலயா உக்காருவ?” என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

ரஃபீக் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு பலகையைத் தூக்கிவந்து வைத்தார். முன்பு அவர் கதை சொல்லி நடத்த, நான்கு பேர் ஆடிய ஆட்டம். வரைபடத்தில் மூடிய கதவொன்றின் முன் விரல் உயரப் பொம்மை வீரர்கள் மூவர் நின்றார்கள். நான்காமவன் படுத்திருந்தான். ஆட வராதவரின் பொம்மையைத் தூங்கவைப்பது அவர்கள் வழக்கம். தூங்குபவன்மேல் அம்பு பாயாது. அவன் பையில் யாரும் கை விடவும் கூடாது.

“சாவி இவன் பையில,” என்றார் ரஃபீக். “இவன ஆடுனவர் அப்புறம் வரவேயில்ல. மத்தவங்க கொஞ்ச வாரம் பாத்துட்டுக் கலைஞ்சுட்டாங்க.”

“கதவுக்கு அந்தப் பக்கம் என்ன பாய்?” என்று ஜெமிமா கேட்டாள்.

“எனக்கு மட்டும்தான் தெரியும்.”

ஜெமிமா பலகைமேல் குனிந்தாள். “இத எனக்குக் குடுங்க. இவனா நான் ஆடுறேன்,” என்று படுத்திருந்தவனின் தோளை இரு விரலால் பற்றினாள். பொம்மை பாதி எழுந்தது. ரஃபீக் தடுக்கவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவன ஆடுனவர் வந்து நின்னா நான் என்னம்மா சொல்லுவேன்?”